வில்லையும் ரேகையும் முகமும்

ஒரு தொழில் ஸ்தாபனத்தின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் அதன் மூலதனத்தையும் யந்திரங்களையும் லாப நஷ்டங்களையும் விரிவாக ஆராய்வார்களேயன்றி, அதன் வாசலில் நாள்தோறும் என்ன நடந்தது என்பதைப் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. ஆயினும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒவ்வொரு நாளும் எழும் முதல் விவகாரம் அந்த வாசலில்தான் எழுகிறது. உள்ளே வருகிறவன் யார், அவன் எந்த நேரத்தில் வந்தான் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அங்கே விடை கிடைத்தாக வேண்டும். அந்த விடையைப் பொறுத்தே அன்றைய கூலியும், சில சமயங்களில் வேலையுமே நிர்ணயமாகி வந்திருக்கின்றன. இன்று அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு, எதையும் தொடாமல் கதவைத் திறக்கும் நூதன சாதனங்கள் வந்துவிட்டன. அட்டை, கைபேசி, கருவிழி, உள்ளங்கை நரம்பு, முகம் என்று அவற்றின் வகைகள் பல. விற்பவர்கள் அவற்றின் வேகத்தையும் விலையையும் பிழை விகிதத்தையும் ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். அந்த ஒப்பீடு அவசியமானதே. ஆனால் வாசலின் பழைய சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு வேறொரு அளவுகோலும் புலப்படும்.

ஆளை அறிவது ஒரு காலத்தில் கடினமான காரியமாக இருக்கவில்லை. பத்துப் பேர் வேலை செய்த பட்டறையில் பட்டறைக்காரனுக்கு எல்லாரையும் தெரியும். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கூரையின்கீழ்த் திரண்டபோதுதான் பதிவேடு பிறந்தது. இங்கிலாந்தில் நியூகாஸிலுக்கு அருகே இருந்த க்ரௌலி இரும்பாலையின் சட்டப் புத்தகம், ஏறத்தாழ 1700-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஒவ்வொருவனும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் நிமிஷக் கணக்கில் எழுதிவைக்க வேண்டுமென்று விதித்தது. அதற்கென ஒரு கண்காணிப்பாளன் இருந்தான். அவனிடமிருந்த கடிகாரத்தை வேறெவரும் மாற்றிவைக்க இயலாதவாறு பூட்டிவைக்க வேண்டுமென்பதும் விதி. 1769-இல் எட்ரூரியா என்னும் இடத்தில் மட்பாண்டத் தொழிற்சாலையை நிறுவிய ஜோசையா வெட்ஜ்வுட், வருகை நேரத்தை முறையாகக் குறிக்கும் வழக்கத்தை முதலில் ஏற்படுத்தியவர்களில் ஒருவராகக் கருதப்படுகிறார். தொழிலாளியின் நேரம் இனி அவனுக்குச் சொந்தமானதன்று, விலைக்கு வாங்கப்பட்ட பொருள் என்னும் எண்ணம் இந்தப் பதிவேடுகளில் எழுத்துருவம் பெற்றது என்று வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்ஸன் 1967-இல் எழுதிய பிரசித்தமான கட்டுரை விளக்குகிறது.

தமிழர்கள் பெருந்திரளாக இந்த ஒழுங்குமுறைக்குள் வந்தது ஆலைகளில் மட்டுமன்று. கடல் கடந்த தோட்டங்களிலும்தான். இலங்கை மலையகத்தில் விடியுமுன்னே தப்பு முழங்கும். லயங்கள் என்னும் வரிசை வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் பிரட்டுக் களம் என்னும் அணிவகுப்பு இடத்தில் வந்து நிற்க வேண்டும். கங்காணி தன் ஆட்களைக் காட்ட, கணக்கப்பிள்ளை செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பேர் போடுவார். நேரம் தவறியவருக்கும் கொழுந்து குறைந்தவருக்கும் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். இங்கே அடையாளத்திற்கு எந்தச் சாதனமும் வேண்டியிருக்கவில்லை. கங்காணியின் கண்களே போதுமானவையாயிருந்தன, ஏனெனில் அந்த ஆட்களில் பலரை அவனே ஊரிலிருந்து அழைத்து வந்திருந்தான், அவர்களுடைய கடனும் அவன் கையில் இருந்தது. ஆனால் கங்காணி அருகில் இல்லாத நெடும் பிரயாணத்தில், இன்ன ஆள் இன்ன தோட்டத்திற்கு உரியவன் என்று அறிவது எப்படி? 1901-இல் ஏற்பட்ட தகரச் சீட்டு முறை அதற்கு விடையாயிற்று. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு தகர வில்லை, இலங்கைக்குப் புறப்படும் ஒவ்வொரு தொழிலாளியின் உடம்பிலும் தொங்கியது. படிக்கத் தெரியாத அவனுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறதென்பது தெரியாது. வழியிலுள்ள அதிகாரிகளுக்கு அவனுடைய பெயரே தெரிய வேண்டியதில்லை. வில்லை சொன்ன இடத்தில் அவன் போய்ச் சேர்ந்தான், வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறிற்று.

தகரமும் பித்தளையும் இவ்வாறு மனிதர்களுக்குப் பதிலாகப் பேசத் தொடங்கின. ஆலைகளிலும் ரெயில்வே பட்டறைகளிலும் சுரங்கங்களிலும் எண் பொறித்த பித்தளை வில்லைகள் வழக்கத்துக்கு வந்தன. காலையில் பலகையிலிருந்து தன் வில்லையை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவன், மாலையில் அதைத் திரும்ப மாட்டிவிட்டுப் போவான். நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த ஏற்பாட்டுக்கு வேறொரு பயனும் உண்டு. விபத்து நேர்ந்தால், பலகையைப் பார்த்தவுடனே கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எவரெவர் என்பது தெரிந்துவிடும். தொழிலாளியைக் கட்டுப்படுத்துவதற்காகப் பிறந்த ஒரு சாதனமே அவனுடைய உயிரைக் காப்பதற்கும் உதவியதை இங்கே கவனிக்க வேண்டும். வாசலில் நிற்கும் எந்தச் சாதனத்தையும் முற்றிலும் தீயதென்று தள்ளிவிடுவதற்கில்லை.

சென்னையில் பின்னி கம்பெனியாரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் சங்கு ஊதியபின் கதவு அடைபடுவது தொழிலாளர்களின் பெருங்குறையாயிருந்தது. மத்தியான்ன இடைவேளை அரைமணி நேரந்தான். அதற்குள் உணவருந்திவிட்டு மறுபடியும் வாசலுக்குள் வந்துவிட வேண்டும். பெரம்பூர்ப் பகுதியில் வியாபாரம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் அவருடைய நண்பர் ராமாநுஜுலு நாயுடுவும் இத்தகைய முறையீடுகளைக் கேட்டு மனமிரங்கிச் செய்த முயற்சியே, பி. பி. வாடியாவின் தலைமையிலும் திரு.வி.க.வின் துணையோடும் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கமாக உருவெடுத்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்று தோன்றியதற்கு ஆலை வாசலின் கடிகாரமும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் கடிகாரமே எழுதவும் கற்றுக்கொண்டது அமெரிக்காவில். நியூயார்க் ராஜ்யத்தில் ஆபர்ன் என்னும் ஊரில் நகைக்கடை வைத்திருந்த வில்லார்ட் பண்டி, 1888-இல் ஒரு நேரப்பதிவு யந்திரத்தை அமைத்தார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண்ணிட்ட ஒரு சாவி. அதை யந்திரத்தில் செருகித் திருப்பினால் அந்த எண்ணும் அந்த நேரமும் காகிதச் சுருளில் அச்சாகும். 1894-இல் டானியல் கூப்பர் என்பவர் சாவிக்குப் பதிலாக அட்டையைக் கொணர்ந்தார். நமது தொழிற்சாலைகளில் பிற்காலத்தில் 'பஞ்ச் கார்டு' என்று வழங்கியதற்கு மூதாதை அதுவே. இத்தகைய யந்திரங்களைச் செய்த பல கம்பெனிகள் 1900-இல் ஒன்றாக இணைந்து, பின்னர் 1911-இல் வேறு சில கம்பெனிகளோடு மேலும் இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பூண்டன. கம்ப்யூட்டர் யுகத்தின் மாபெரும் ஸ்தாபனம் ஒன்றின் வேர்கள், தொழிலாளி எத்தனை மணிக்கு வந்தான் என்று கேட்ட பெட்டிகளில் இருக்கின்றன.

யந்திரத்துக்குப் பட்சபாதம் இல்லை என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. மேஸ்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்து ஐந்து நிமிஷத்தை மறைக்கலாம். பண்டியின் பெட்டியிடம் அது நடவாது. இந்த நிமிஷக் கணக்கு இரு பக்கமும் வெட்டும் இயல்புடையது. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் கூலியைப் பிடிக்கக் கூடாதென்று பொதுவாக விதித்தது; ஆனால் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பேசிவைத்துக்கொண்டு முன்னறிவிப்பின்றி வராமல் இருந்தால் எட்டு நாள் கூலி வரையில் பிடிக்கவும் இடங்கொடுத்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பையும் அதற்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்புக் கூலியையும் ஏற்படுத்தியபோது, அதே பதிவு தொழிலாளியின் சாட்சியமாகவும் ஆயிற்று. ஆனால் சாவிக்கும் அட்டைக்கும் ஒரு குறை உண்டு. அவற்றை ஒருவன் கொண்டுவந்தான் என்பதைத்தான் யந்திரம் அறியும். கொண்டுவந்தவன் உரியவனா என்பதை அறியாது. தாமதமாக வரும் நண்பனுக்காக மற்றொருவன் அட்டையைத் தட்டிவிடுவது சகல தேசங்களிலும் நடந்தது. இந்த ஆள்மாறாட்டத்தை ஒழிக்க வேண்டுமென்ற ஆவலே, அடையாளத்தைக் கையிலிருந்து கையின் தோலுக்கு மாற்றியது.

ரேகையின் சரித்திரத்தில் நமது தேசத்துக்கு முக்கியமான இடமுண்டு. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் அதிகாரியாயிருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளை வழங்கும் ஒப்பந்தம் ஒன்றில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் கைப்பதிவை முழுமையாக வாங்கிக்கொண்டார். ரேகை சாஸ்திரம் அப்போது அவருக்குத் தெரியாது. கையெழுத்தைப் பிற்பாடு மறுத்துவிடாதபடி கான்டிராக்டரை மிரட்டி வைப்பதே அவருடைய நோக்கம். ஆக, வேலை கொடுப்பவனுக்கு வேலை ஏற்பவனிடம் இருந்த அவநம்பிக்கையே இதன் ஆதி காரணம். பின்னர் 1897-இல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் நிறுவப்பட்டது. எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் வழங்கும் வகைப்பாட்டு முறைக்காக உழைத்த அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்தியரின் பெயர்கள் நெடுங்காலம் பின்னணியிலேயே இருந்துவிட்டன.

குற்றவாளிகளுக்காக வகுக்கப்பட்ட இந்த முறையைக் குற்றமற்ற ஜனங்கள்மீது ஏவியபோது எழுந்த எதிர்ப்பு சாமானியமானதன்று. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் தங்கள் கைரேகையைக் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டுமென்ற சட்ட மசோதாவே, 1906 செப்டம்பர் 11-இல் ஜோகானஸ்பர்க் நாடக அரங்கில் கூடிய இந்தியர்களைச் சத்தியாக்கிரகப் பிரதிக்ஞைக்குத் தூண்டியது. தம்பி நாயுடு முதலிய தமிழர்கள் அப்போராட்டத்தில் காட்டிய உறுதியைக் காந்தியடிகள் மனமாரப் பாராட்டியிருக்கிறார். இதைவிட நம் விஷயத்துக்கு நெருங்கியது கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் கம்பெனியாரின் நிர்வாகத்திலிருந்த அச்சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற தமிழர்கள்; தங்கத்தைக் கடத்திவிடுவார்களோ என்ற சந்தேகத்தினால் காவலும் சோதனையும் அங்கே எப்போதும் கடுமையாகவே இருந்தன. இவற்றையெல்லாம் சகித்துவந்த அத்தொழிலாளர்கள், கைரேகையோடு கூடிய பதிவு முறையை நிர்வாகம் கொணர முற்பட்டபோது, 1930-இல் வேலையை நிறுத்தினார்கள்.

உடம்பைத் தடவிச் சோதிப்பதைப் பொறுத்துக்கொண்டவர்கள் விரலில் மை தடவுவதை ஏன் பொறுக்கவில்லை? காரணத்தை ஊகிப்பது கடினமன்று. சோதனை வாசலோடு முடிந்துவிடும். வீட்டுக்குப் போகிறவனை அது தொடராது. ஒரு சுரங்கத்தில் மேஸ்திரியோடு சண்டையிட்டு வெளியேற்றப்பட்டவன், மற்றொரு சுரங்கத்தில் வேறொரு பெயரைச் சொல்லி வேலைக்குச் சேர்ந்துவிடலாம். வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பழைய கணக்கு தீர்ந்தது. ரேகை ஒருமுறை பதிவாகிவிட்டாலோ, எந்தப் பெயரைச் சொன்னாலும் எந்த வாசலுக்குப் போனாலும் பழைய கணக்கும் கூடவே வரும். வாசலைவிட்டு வெளியேறும்போது தன் அடையாளத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் சுதந்திரம் ஒன்று தொழிலாளிக்கு இருந்துவந்தது. அதுவரை எவரும் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை, பறிபோகும் தறுவாயில்தான் அதன் அருமை தெரிந்தது. வாசல் சாதனங்களை ஒப்பிடும்போது நாம் மறக்கலாகாத அளவுகோல் இதுவே.

இனித் தொடாமல் திறக்கும் சாதனங்களைப் பார்ப்போம். இவற்றின் முன்னோடிகளுள் ஒன்று வேவுக் கருவி என்பது விசித்திரமான உண்மை. 1945-இல் மாஸ்கோவில் அமெரிக்க ஸ்தானிகருக்கு ரஷ்யச் சிறுவர்கள் ஒரு மரச் சின்னத்தை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அதனுள் லியோன் தெரமின் என்னும் விஞ்ஞானி அமைத்த ஒலிவாங்கி மறைந்திருந்தது. அதில் மின்கலமும் இல்லை, கம்பியும் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சும்போது மாத்திரம் அது உயிர்பெற்றுப் பேசும். 1952 வரையில் அதை எவரும் கண்டுபிடிக்கவில்லை. பிரதிபலிக்கும் அலைகளைக் கொண்டு செய்தி அனுப்பும் தத்துவத்தை ஹாரி ஸ்டாக்மன் 1948-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். 1973-இல் சார்லஸ் வால்டன் அதே வகையான தத்துவத்தைக் கதவுப் பூட்டுக்குப் பயன்படுத்தும் உரிமத்தைப் பெற்றார். ஷ்லேஜ் என்னும் பூட்டுக் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது.

இன்று கோடிக்கணக்கானவர்களின் கழுத்தில் தொங்கும் அட்டை இவ்வாறுதான் இயங்குகிறது. சுருதி சேர்ந்த இரண்டு வீணைகளில் ஒன்றை மீட்டினால் மற்றொன்றின் தந்தியும் அதிர்வதைப் போல, வாசலிலுள்ள கருவி எழுப்பும் காந்தப்புலத்தில் அட்டையினுள் இருக்கும் செப்புச் சுருள் விழித்துக்கொள்கிறது. அதில் பிறக்கும் அற்ப மின்சாரம் ஒரு சில்லை இயக்க, அது தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. பழைய வகை அட்டைகள் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை; கேட்பவர் யாராயினும் எண்ணை உரக்கச் சொல்லிவிடும் வெகுளித்தனம் அவற்றுக்கு உண்டு. ஆகையால் அவற்றை நகலெடுப்பது எளிது. பிந்திய 13.56 மெகாஹெர்ட்ஸ் வகையில் அட்டையும் கருவியும் ரகசியக் குறிகளால் ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும். ஆனால் இதிலும் ரகசியம் திடமாயிருக்க வேண்டும். 1994-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய மைஃபேர் கிளாஸிக் அட்டையின் குறியை 2008-இல் நெதர்லாந்தின் நைமேகன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். அந்த ஆராய்ச்சியை வெளியிடக் கூடாதென்று உற்பத்தியாளர் தொடுத்த வழக்கைக் கோர்ட்டு தள்ளிவிட்டது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அட்டை எவ்வளவு நவீனமானதாயினும், சுவரிலுள்ள கருவி உள்ளேயிருக்கும் பெட்டியோடு பேசும் பாஷை இன்னும் பல கட்டடங்களில் ஜான் வீகண்ட் என்பவரின் காந்தக் கம்பி அட்டைகளோடு வந்த பழைய 26 பிட் முறையே. முன்வாசல் புதிது, உள்வழி பழையது.

கைபேசியை அட்டையாக்கும் முறையில் ரகசியக் குறிகள் பலமானவை. தொலைந்தால் உடனே ரத்து செய்யலாம். ஆனால் கைபேசி தொழிலாளியின் சொந்தப் பணத்தில் வாங்கியது. அதன் மின்கலம் தீர்ந்தாலும் பழுதானாலும் அவனே வெளியில் நிற்க வேண்டும். மேலும் அது வாசலில் மட்டும் பேசிவிட்டு அடங்கிவிடும் சாதனமன்று. அதில் ஏற்றச் சொல்லும் செயலி எந்தெந்த விவரங்களைக் கேட்கிறதென்பதை அவன் அறிவது அரிது. கட்டம்கட்டமான கியூஆர் குறி மலிவானது. 1994-இல் ஜப்பானில் டென்ஸோ வேவ் கம்பெனியின் மஸாஹிரோ ஹாரா மோட்டார் உதிரிப் பாகங்களைக் கணக்கெடுப்பதற்காக அமைத்த அடையாளம் அது. பாகங்களை எண்ணுவதற்குப் பிறந்தது இப்போது ஆட்களையும் எண்ணுகிறது. ஆனால் நிலையான குறியாயின், புகைப்படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பிவிட்டால் பஞ்ச் கார்டு காலத்து ஆள்மாறாட்டம் மறுபடியும் வந்துவிடும்.

உடம்பையே சாவியாகக் கொள்ளும் வகைகளில் கருவிழி மிகவும் நுட்பமானது. லியனார்ட் ஃப்ளாம், ஏரன் ஸஃபிர் என்னும் இரு கண் வைத்தியர்கள் 1987-இல் அந்த யோசனைக்கு உரிமம் பெற்றார்கள்; கேம்பிரிட்ஜில் ஜான் டாக்மன் அதற்குக் கணித உருவம் கொடுத்தார். கல்லுடைத்தும் நாற்று நட்டும் துணி வெளுத்தும் விரல் ரேகை தேய்ந்துபோனவர்கள் நம் நாட்டில் ஏராளம். 2010-இல் தொடங்கிய ஆதார் பதிவில் விரல்களோடு கருவிழியையும் சேர்த்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். உள்ளங்கை நரம்பைப் பார்க்கும் ஜப்பானியக் கருவி, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும் இயல்பைப் பயன்படுத்துகிறது. நரம்பின் ஜாலம் தோலுக்கு அடியில் இருப்பதால், தொழிலாளியின் சம்மதமின்றித் தூரத்திலிருந்து களவாடுவதும் கடினம். கையை அவனே நீட்டினாலொழிய அது பேசாது. முகத்தின் நிலை இதற்கு நேர்மாறானது.

1960-களின் நடுவில் வுடி பிளெட்ஸோ என்னும் அமெரிக்கர் புகைப்படங்களில் கண், மூக்கு, வாய் இவற்றின் இடைத்தூரங்களைக் கையால் குறித்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்ததில் முக ஆராய்ச்சி தொடங்கியது. 1991-இல் மாஸசூஸெட்ஸில் டர்க், பென்ட்லண்ட் என்னும் இருவர் கணிதத்தால் அதைத் துரிதப்படுத்தினார்கள். 2010-க்குப் பிறகு வந்த புதிய கற்றல் முறைகள் அதை வாசலுக்குக் கொண்டுவந்தன. நிற்க வேண்டியதில்லை, கையை எடுக்க வேண்டியதில்லை, எதையும் வைத்திருக்க வேண்டியதில்லை. நடந்துபோகும்போதே கதவு திறக்கும். வசதியில் இதற்கு இணை இல்லை. ஆனால் அந்த வசதியிலேயே அதன் அபாயமும் இருக்கிறது: நாம் எதையும் செய்யாமலே அது நம்மை அறிந்துகொள்கிறது. முகத்தை வீட்டில் வைத்துவிட்டு வரவும் முடியாது, களவு போனால் வேறொன்றை வாங்கவும் முடியாது.

தொடாமை என்பது ஒரு சௌகரியமாக இருந்து அவசியமாக மாறியது 2020-இல். மத்திய சர்க்கார் அலுவலகங்களில் 2014 முதல் விரலை வைத்து வருகை பதியும் முறை நடைமுறையில் இருந்தது. பெருந்தொற்று பரவத் தொடங்கிய அந்த மார்ச் மாதத் தொடக்கத்திலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, ஊழியர்கள் மறுபடியும் காகிதப் பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள். நூறு பேர் தொட்ட கண்ணாடியைத் தொடுவதற்கு எவரும் துணியவில்லை. முகக் கருவிகளுக்கு அப்போது பிறந்த கிராக்கிக்கு முகமூடியே முதல் தடையாக வந்தது. அமெரிக்க அரசின் அளவைநிலையமான நிஸ்ட் அவ்வாண்டு ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணமாக 0.3 சதவீதமே தவறும் மிகச் சிறந்த முறைகள்கூட முகமூடியின்முன் ஏறத்தாழ 5 சதவீதம் தவறின. மற்றபடி தகுதியான பல முறைகள் 20 முதல் 50 சதவீதம் வரையில் தவறின. அதற்கு முன்னரே 2019 டிசம்பரில் அதே நிலையம் செய்த மற்றோர் ஆராய்ச்சி, ஒருவரை வேறொருவரென்று மயங்கும் பிழை பல முறைகளில் ஆசியர், ஆப்பிரிக்க வம்சத்தினர் முகங்களில் வெள்ளையர் முகங்களைவிடப் 10 முதல் 100 மடங்கு வரையில் மிகுந்திருந்ததையும், ஆசியாவில் தயாரான சில முறைகளில் ஆசியர் விஷயத்தில் இந்த வித்தியாசம் காணப்படாததையும் தெரிவித்தது. எந்த முகங்களைப் பார்த்து யந்திரம் கற்றதோ அந்த முகங்களையே அது நன்றாக அறியும்.

இங்கே அட்டைக்கும் உடம்புக்கும் உள்ள அடிப்படை வேற்றுமையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அட்டையிலுள்ள எண் ஒன்று பொருந்தும், அல்லது பொருந்தாது, இடைநிலை இல்லை. உடம்பின் அளவோ ஒரு நாள் இருந்ததுபோல் மறுநாள் இராது. வெளிச்சம், வியர்வை, வயது, மூக்குக்கண்ணாடி எல்லாம் அதை மாற்றும். ஆகவே யந்திரம் பார்ப்பது ஒற்றுமையின் அளவையே. எவ்வளவு ஒற்றுமை இருந்தால் கதவைத் திறப்பது என்ற எல்லையை ஒரு மனிதர்தான் நிர்ணயிக்கிறார். எல்லையைத் தளர்த்தினால் அந்நியன் நுழைவான். இறுக்கினால் உரியவன் வெளியில் நிற்பான். ஒரு காலத்தில் வாயிற்காவலனிடம் இருந்த தாட்சண்யம் முழுவதும் மறைந்துவிடவில்லை. அது ஒரு எண்ணாக மாறி, தொழிலாளி ஒருபோதும் காணாத ஓர் அறைக்குள் போய்விட்டது. காவலனிடம் மன்றாடலாம், சண்டையிடலாம், நேற்றும் வந்தேனே என்று நினைவூட்டலாம்; எண்ணிடம் இவை செல்லா.

இதன் விளைவை உணர்வதற்குப் பெரிய கம்பெனி மாளிகைகளுக்குப் போக வேண்டியதில்லை. நூறு நாள் வேலை என்று ஜனங்கள் அழைக்கும் கிராமத் திட்டத்தில், 2023 ஜனவரி 1 முதல், வேலைத்தலத்தில் நாளுக்கு இருமுறை புகைப்படம் எடுத்து இடக்குறிப்போடு செயலியில் ஏற்றும் முறை கட்டாயமாயிற்று. ஏரிக்கரையில் மண் வெட்டும் பெண்ணுக்கு வேலை செய்ததற்கு அவள் வெட்டிய குழி சாட்சியன்று. கைபேசியில் சிக்னல் கிடைத்ததா என்பதே சாட்சி. சட்டத்தின் துணையும் இன்னும் உறுதியாக இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று சுப்ரீம் கோர்ட்டு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு சம்பந்தமான காரியங்களுக்குத் தொழிலாளியின் சம்மதமின்றியே அவனுடைய விவரங்களை உபயோகிக்க முதலாளிக்கு இடங்கொடுக்கிறது. சம்மதம் கேட்கப்பட்டாலும், வேலை வேண்டியவன் வாசலில் நின்றுகொண்டு கொடுக்கும் சம்மதத்தின் மதிப்பு என்ன என்பது வேறு விஷயம்.

ஆகவே ஒரு ஸ்தாபனம் எதைத் தேர்ந்துகொள்வது? சாதாரண அலுவலகத்துக்கும் தொழிற்சாலைக்கும் திடமான ரகசியக் குறியுள்ள அட்டையே போதும். அது தொலைந்தால் மாற்றலாம், திருடப்பட்டால் ரத்து செய்யலாம், வேலையைவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நண்பனுக்காக அட்டையைத் தட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்க வாசலில் ஒரு மனிதரை வைப்பதே பெரும்பாலும் போதுமான பரிகாரம். மருந்துக் கிடங்கு, கணினி அறை, ஆபத்தான ரசாயனம் வைத்த இடம் போன்றவற்றில் ஆளைத் திட்டமாக அறிந்தாக வேண்டுமானால், கருவிழி அல்லது கை நரம்பின் அளவைத் தொழிலாளியின் அட்டைக்குள்ளேயே பதிந்து, வாசலில் அந்த அட்டையோடு மட்டும் ஒப்பிடும் முறை இருக்கிறது. அப்போது எல்லாருடைய உடம்பின் அளவுகளும் ஒரே பெட்டகத்தில் குவிவதில்லை. கூட்டத்தில் நடந்துபோகிறவர்களை முகத்தால் பிரித்தறியும் கருவியை, வருகை பதிவதற்காக மாத்திரம் வாங்குவது நியாயமாகத் தோன்றவில்லை.

இது பழமையில் பற்றுள்ளவர்களின் அபிப்பிராயம் மட்டுமன்று. பிரிட்டனில் ஸெர்கோ லெஷர் என்னும் கம்பெனி, 38 விளையாட்டு நிலையங்களில் 2,000-க்கு மேற்பட்ட ஊழியர்களின் வருகையை முகத்தாலும் விரலாலும் பதிந்துவந்தது. அந்நாட்டின் தகவல் ஆணையர் 2024 பிப்ரவரியில் அதை நிறுத்தும்படி உத்தரவிட்டார். கம்பெனியின் சாதனம் பிழையானதென்று அவர் குறை கூறவில்லை. அடையாள அட்டை போன்ற எளிய வழிகள் இருக்கும்போது இது ஏன் என்று கேட்டார், அதற்குத் தக்க பதில் இல்லை என்று கண்டார். கோலார்ச் சுரங்கத் தொழிலாளர்கள் 1930-இல் வேலையை நிறுத்திக் கேட்ட கேள்வியின் சாரமும் இதுவே. அவர்களுக்குக் கேள்வியை எழுப்பக் கூலியை இழக்க வேண்டியிருந்தது. இனி வருகிறவர்கள் அதைக் கூலியிழப்பின்றிக் கேட்பதற்கு, சாதனத்தை வாங்குமுன்னரே அதற்கு விடை சொல்ல வேண்டிய கடமையைச் சட்டம் முதலாளிமீது சுமத்த வேண்டும்.